கட்டி நுரையீரலில், கேள்வி குடலில்

பல்வலிக்கு விழுங்கிய ஆன்டிபயாடிக், புற்றுநோய் மருந்தின் பலனைக் குறைக்குமா? பாரிஸை ஒட்டிய வில்ஜுயிஃபில் உள்ள குஸ்தாவ் ரூசி மருத்துவமனையில், ஆய்வாளர்கள் லாரன்ஸ் சிட்வோகலும் பெர்ட்ராண்ட் ரூட்டியும் இம்யூனோதெரபி பெற்ற 249 பேரின் விவரங்களை அலசியபோது இந்தக் கேள்வி வலுவாக எழுந்தது. அவர்களில் 140 பேர் நுரையீரல் புற்றுநோயாளிகள். இந்த 140 பேரில், சிகிச்சை தொடங்கும் நாளையொட்டி ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் சரிபாதிப் பேர் 8.3 மாதங்களுக்கு மேல் உயிர்வாழவில்லை. சாப்பிடாதவர்களில் அந்தக் கணக்கு 15.3 மாதங்கள். ஏழு மாத வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது!

இம்யூனோதெரபி மருந்துகள் கட்டியை நேரடியாகத் தாக்குவதில்லை. நம் நோயெதிர்ப்புப் படையின் டி செல்கள்மீது புற்றுநோய் அழுத்தி வைத்திருக்கும் பிரேக்கை விடுவிக்கின்றன. அதன்பின் போரிட வேண்டியவை அந்தச் செல்கள்தான். அவற்றுக்கான பயிற்சியில் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு; ஆன்டிபயாடிக் அவற்றையும் அழித்துவிடுகிறது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் முன்பே நலிந்தவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். அதனால்தான் எலிச் சோதனை முக்கியமாகிறது. மருந்து பலித்த நோயாளிகளின் மலத்தை எலிகளின் குடலுக்குள் செலுத்தியபோது, அவற்றுக்கும் மருந்து பலித்தது. பலிக்காதவர்களுடையதைச் செலுத்தியபோது பலிக்கவில்லை. அந்த எலிகளுக்கு, குடலின் சளிப்படலத்தில் வாழும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைக் கொடுத்ததும் மருந்து மறுபடி வேலை செய்தது. 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வும் புற்றுநோய் மருத்துவர்களைக் குடல் பக்கம் திரும்ப வைத்தது.

அதற்காக, நிமோனியா வந்தவர் ஆன்டிபயாடிக்கை மறுக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. ஆனால் இம்யூனோதெரபி எடுப்பவர் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும். எந்த மாத்திரையானாலும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக விழுங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். 2022-இல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 338 பேரிடம் நடந்த ஆய்வில், அக்கர்மான்சியா இருந்தவர்களுக்குச் சிகிச்சை கூடுதலாகப் பலித்தது. ஆனால் அது அளவுமீறிப் பெருகியிருந்தவர்களின் ஆயுள் குறைந்தே இருந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 2021-இல் வெளியான ஆய்வும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. நார்ச்சத்து போதிய அளவு சாப்பிட்ட நோயாளிகளிடம் நோய் கூடுதல் காலம் கட்டுப்பட்டிருந்தது. கடைகளில் விற்கும் ப்ரோபயாடிக்கைக் கொடுத்த எலிகளிடமோ இம்யூனோதெரபியின் பலன் குறைந்துபோனது.