பில் வராத கட்டணம்

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் காலை நடைக்கு வருகிற நம்மவர்களிடம் மியூச்சுவல் ஃபண்டு பற்றிப் பேச்செடுத்தால், போன வருஷ லாபத்தைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். கட்டணம் எவ்வளவு என்றால், “அப்படி எதுவும் பிடிக்கறதில்லையே” என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.

பிடிக்கிறார்கள். அதன் பெயர் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, செலவு விகிதம். நிர்வாகக் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், கணக்கு வழக்கு எல்லாம் சேர்ந்து ஃபண்டின் சொத்தில் ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம் என்பதே அது. 2 சதவிகிதம் என்றால் லட்ச ரூபாய்க்கு 2,000 ரூபாய். நாளொன்றுக்குச் சுமார் ஐந்தரை ரூபாய். அதைக் கழித்த பிறகுதான் அன்றைய என்.ஏ.வி.யையே, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பையே, அறிவிக்கிறார்கள். சந்தை சரிந்த நாளிலும் கழிவு உண்டு. பில் வராததால் வலி தெரிவதில்லை.

2013 ஜனவரியில் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்களைக் கொண்டுவந்தது. அதைச் சாமானியரின் கைபேசிக்குள் கொண்டுவந்ததில் பெங்களூர் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2017-இல் ஜெரோதாவின் ‘காயின்’ தளம் வந்தது. 2021 ஜூலையில் சச்சின் பன்சாலின் நவி, நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டை 0.06 சதவிகிதத்தில் தொடங்கியது: லட்சத்துக்கு ஆண்டுக்கு 60 ரூபாய்!

கட்டண வித்தியாசம் ஒரு சதவிகிதம்தானே என்று விடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10 லட்சம் ரூபாய், 20 ஆண்டு. ஆண்டுக்கு 12 சதவிகிதம் வளர்ந்தால் சுமார் 96.5 லட்சம், 11 சதவிகிதம் என்றால் 80.6 லட்சம். பெண்ணின் கல்யாணச் செலவே அந்த இடைவெளியில் இருக்கிறது.

ஆனால் செலவு விகிதத்தை வைத்தே எல்லா ஃபண்டையும் எடை போடக் கூடாது. ஒரே குறியீட்டைப் பின்தொடரும் இரண்டு இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு இது முதல் அளவுகோல். மேனேஜர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டில் பலவற்றில் ஒன்று. 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது, “விற்காதீங்க சார்” என்று போன் செய்து தடுத்த ஏஜென்ட் இருந்தால், அவர் கமிஷனுக்கு உழைத்திருக்கிறார் என்பேன்.

அந்தக் கமிஷன் எவ்வளவு என்பது, 2016 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கொருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையிலேயே ரூபாயில் இருக்கிறது. பார்த்துவிட்டு அவசரப்பட்டு டைரக்டுக்கு மாற்றிவிடாதீர்கள். அது விற்று வாங்கியதாகவே கணக்காகும். எக்ஸிட் லோடு என்கிற வெளியேறும் கட்டணமும் மூலதன ஆதாய வரியும் வருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.