ஒரு பார்வையில் மனத்தில் தைக்க வேண்டும்

காளிகாட் கோயிலுக்குப் போகும் நம் அன்பர்கள் பலருக்கு, அந்தச் சந்துகளில் 19-ஆம் நூற்றாண்டில் ஓவியச் சந்தை நடந்தது தெரியாது. பட்டுவா எனப்படும் ஓவியர்கள் அங்கே கடை போட்டிருந்தார்கள். யாத்திரிகர் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். படம் ஒரே பார்வையில் மனத்தில் தைக்க வேண்டும். ஆகவே ஆலைக் காகிதத்தில் ஓர் உருவம், அகன்ற கண்கள், தடித்த வளைகோடு, பின்னணி வெறுமை. இறால் கவ்விய பூனைப் படம் இதற்கு நல்ல சாட்சி.

இன்று என் மகளுக்கும் அதே கவலை. தோழிகளோடு சேர்ந்து ஜப்பானிய அனிமே பாணியில் ஒரு கணினி விளையாட்டு செய்கிறாள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் தீப்பெட்டி அளவுப் படம்தான் அதற்கு முகம். பார்ப்பவர் கண் அங்கே நிற்காவிட்டால் இரண்டாண்டு உழைப்பு வீண். அவளோ ஏழு பாத்திரங்கள், கோட்டை, நிலா எல்லாவற்றையும் அதற்குள் அடைத்திருந்தாள்.

பட்டுவாக்களின் வழியைச் சொன்னேன். ஒரு முகம் போதும். அனிமேக்கும் கண்தான் உயிர். பின்னணி அடங்கியிருக்கட்டும். பெயர் தடித்த எழுத்தில் தெரியட்டும். விருது, தள்ளுபடி வாசகங்களை 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் இந்தப் படங்களில் அனுமதிப்பதில்லை. முடித்தபின் படத்தைச் சிறிதாக்கி, எட்ட வைத்துப் பாருங்கள்.

மலிவான ஜெர்மானிய அச்சுப் படங்கள் வந்தபின் பட்டுவாக்களின் வியாபாரம் நசிந்தது. அவர்கள் கோடு நசியவில்லை. ஜாமினி ராய் அதிலிருந்தே கற்றார். படம் போடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்தக் கோட்டை அவர்களுக்குக் காட்டுங்கள்.