கூரைக்குக் காலதர்

இன்று வீடுதோறும் வழங்கும் 'சன்னல்' என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே சாளரம், பலகணி, காலதர் என்னும் சொற்கள் தமிழில் இருந்தன. அவற்றுள் காலதர் என்பது சிலப்பதிகாரத்தில் ஆளப்பெற்ற பழஞ்சொல். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வழங்கும் வழியே காலதர். ஐரோப்பாவின் வடபுலத்து மக்களும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணினர். ஆங்கிலத்தில் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல், 'காற்றின் கண்' என்று பொருள்படும் பழைய நார்சுமொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள், ஒரே திறப்புக்குப் பெயரிட்டபோது முதலில் நினைத்தது ஒளியை அன்று, காற்றை. வீட்டுக் கூரையில் சாளரம் வைக்க விரும்புவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

மச்சறையின் தேவை

காம்பார் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்கள் பல வரிசை வீடுகளில் வாழ்கின்றன. வரிசை வீட்டின் இரு பக்கமும் அண்டை வீட்டாரின் சுவர். பக்கவாட்டில் விரிக்க இடமில்லை. பிள்ளைகள் வளர்ந்து, தேர்வுக்குப் படிக்கத் தனியிடம் கேட்கும்பொழுது, பெற்றோரின் கண் மேலே செல்கிறது. உட்கூரைப் பலகைக்கும் ஓட்டுக்கும் இடையே வீணே கிடக்கும் வெளியை ஒரு மச்சறை ஆக்கினால் என்ன என்னும் எண்ணம் எழுகிறது. 2007ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் காம்பாரில் வளாகம் திறந்த பின்னர், மாணவர்க்கு அறை வாடகைக்கு விடுவோர்க்கும் இவ்வெண்ணம் எழுதல் இயல்பே.

அறை என்று ஆனதும் சாளரம் வேண்டும். கடையில் காட்டப்படும் படங்களிலோ, சரிந்த கூரையில் பதித்த பெரிய கண்ணாடி வழியே வெயில் கொட்டுகிறது. அதன் கீழ் ஒரு சிறுவன் மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டிருக்கிறான். அப்படத்தை நம்பி அவ்வாறே காம்பாரில் செய்தால் நேர்வது என்ன? பள்ளி விட்டு வந்த பிள்ளை பிற்பகல் மூன்று மணிக்கு அவ்வறையில் கால்மணி நேரமும் அமர இயலாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் சமையலறை மேசைக்கே இறங்கி வந்துவிடும். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கட்டிய அறை, பழைய பெட்டிகள் அடுக்கும் இடமாகிப் போகும். ஆதலின் வாங்குமுன் சில உண்மைகளைத் தெளிதல் வேண்டும்.

டென்மார்க்கின் வெயிலும் காம்பாரின் வெயிலும்

இக்காலக் கூரைச் சாளரம் பெரிதும் டென்மார்க்கு நாட்டில் வளர்ந்தது. வில்லும் கான் ராசுமுசன் என்னும் பொறியாளர் 1941ஆம் ஆண்டில் அங்கே ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் செய்த சாளரத்துக்கு வெலக்சு என்று பெயர். காற்றோட்டத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துகளும், ஒளியைக் குறிக்கும் 'லக்சு' என்னும் இலத்தீன் சொல்லும் சேர்ந்தது அப்பெயர். குளிர்நாட்டார்க்கு அது பெருநன்மை செய்தது. இருண்டு கிடந்த மச்சுகள் வாழும் அறைகளாயின.

ஆனால் அந்நாட்டு ஞாயிறு வேறு. இந்நாட்டு ஞாயிறு வேறு. டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்கேகன், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 56 பாகையில் உள்ளது. அங்கே திசம்பர்த் திங்கள் நண்பகலில் ஞாயிறு அடிவானத்திற்கு மேல் 11 பாகையே எழும். சூன் திங்களில் மிக உயர்ந்து நிற்கும்போதும் 58 பாகையைத் தாண்டுவதில்லை. காம்பாரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4 பாகையும் சிறிதும் ஆகிய இடத்தில் உள்ளது. இங்கே நண்பகல் ஞாயிறு மிகத் தாழ்ந்து நிற்பது திசம்பரில். அப்போதும் அதன் உயரம் 62 பாகை. எனவே காம்பார் ஞாயிற்றின் மிகத் தாழ்ந்த நண்பகல் நிலையே, கோப்பன்கேகன் ஞாயிற்றின் மிக உயர்ந்த நிலையைக் காட்டிலும் மேலானது. அங்கே வெயிலை உள்ளே அழைக்கச் செய்த கருவியை இங்கே அப்படியே வைத்தல் பொருந்துமா?

கூரையின் எந்தச் சரிவில் வைத்தால் வெயில் தப்பும் என்று கேட்பார் உளர். ஏப்பிரல் தொடக்கத்தில் ஞாயிறு காம்பாரின் உச்சிக்கு நேரே வருகிறது. பின்னர் வடக்கே சாய்ந்து, செப்டம்பர் நடுவை ஒட்டி மீண்டும் உச்சிக்கு வந்து, தெற்கே செல்கிறது. சூனில் உச்சியிலிருந்து 19 பாகை வடக்கே நிற்கும். திசம்பரில் 28 பாகை தெற்கே நிற்கும். ஓட்டுக் கூரையின் சரிவு 25 பாகை என்று கொள்க. வடசரிவு சூனிலும் தென்சரிவு திசம்பரிலும் நண்பகல் வெயிலை ஏறக்குறைய நேருக்கு நேர் ஏற்கும். மலேசியக் கடிகாரப்படி காம்பாரின் உண்மையான நண்பகல் பிற்பகல் ஒன்றேகால் மணி அளவில் வருவதால், கிழக்குச் சரிவு முற்பகல் பதினொன்றரை மணியை ஒட்டியும், மேற்குச் சரிவு பிற்பகல் மூன்று மணியை ஒட்டியும் வெயிலுக்கு நேரே நிற்கும். ஆகவே தப்பும் சரிவு என ஒன்று இல்லை. நான்கினுள் விலக்கத்தக்கது மேற்கு. காற்றும் ஓடும் முன்னரே சூடேறிவிட்ட வேளையில் அது வெயிலை வாங்குகிறது.

நேராக விழும் தெளிந்த வெயில், ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட்டு வெப்பம் தரும். சாதாரணக் கண்ணாடி அதில் 800 வாட்டை உள்ளே விடும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் உடல் வெளியிடுவது 100 வாட்டு அளவு. எனவே ஒரு சதுர மீட்டர்க் கூரைக் கண்ணாடி, அச்சிற்றறைக்குள் எட்டுப் பேரைக் கூடுதலாக அமர்த்தியதற்கு ஒப்பாகும்.

புகைக்கூடம் கற்பிக்கும் பாடம்

இச்சிக்கலுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தோட்டத்தில் வாழ்ந்தோர் ரப்பர்த் தாள்களை உலர்த்திய புகைக்கூடத்தை மறந்திரார். அதன் அடியில் காற்று புக வழி உண்டு. கூரை முகட்டில் திறந்து மூடத்தக்க காற்றுவாய் உண்டு. முகட்டு வாயைத் திறந்தால் சூடான காற்றும் ஈரமும் வெளியேறும். மூடினால் உள்ளே தங்கும். அதைக் கொண்டே கூடத்தின் வெப்பத்தை ஆண்டனர். ஓட்டுக்குக் கீழே, வெளிவழியின்றி அடைத்த மச்சறை, முகட்டு வாய் மூடிய புகைக்கூடமே அன்றி வேறன்று.

சூடான காற்று இலேசானது, மேலே எழும். அது வெளியேற உயரத்தில் ஒரு வழியும், குளிர்ந்த காற்று வந்து நிரப்பத் தாழ்வில் ஒரு வழியும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உயரம் மிகுமளவு ஓட்டமும் மிகும். உயரம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரு மடங்காகும். மச்சறைக்கு ஏறும் படிக்கட்டின் வாயே தாழ்வழியாகப் பயன்படும். ஆகவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒளிவாய் அன்று. முகட்டை ஒட்டிய காற்றுவாய்.

இந்நாட்டுப் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்களும் இதனை அறிந்திருந்தனர். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டனர். சில வீடுகளில் முகட்டின் ஒரு பகுதியை மேலே உயர்த்தி, அதன் பக்கங்களில் செங்குத்தான திறப்புகள் வைத்து, மேலே சிறு கூரை வேய்ந்தனர். மழை உள்ளே வாராது. வெயில் நேரே விழாது. சூடு மட்டும் வெளியேறும்.

எதனைத் தேர்வது?

கூரையில் ஒளியும் காற்றும் பெற மூவகை உண்டு. முதலாவது கண்ணாடி ஓடு. தமிழகத்து ஓட்டு வீடுகளில் அடுப்படிக்கு மேல் ஒன்றிரண்டு வைப்பது வழக்கம். முகில் மூடிய வானத்தில் உச்சி, அடிவானத்தைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு ஒளியுடையது. ஆதலின் மேலிருந்து ஒளி பெறச் சிறு கண்ணாடியே போதும். ஆனால் அது திறவாது. அதனைக் காலதர் எனல் தகாது.

இரண்டாவது, சரிவோடு சரிவாகப் பதிக்கும் சாளரம். மூன்றாவது, கூரையிலிருந்து வெளியே நீட்டிச் செங்குத்தாக நிறுத்தும் மாடச் சாளரமும், மேலே கூறிய உயர்த்திய முகடும். காம்பாரின் வெயிலுக்கும் மழைக்கும் இம்மூன்றாம் வகையே முதன்மையாக எண்ணத்தக்கது. செங்குத்தான திறப்புக்கு இறவாணம் வைக்கலாம் என்பதே காரணம். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள திறப்பு தெற்கு நோக்கினால் 32 சென்டிமீட்டர் இறவாணமும், வடக்கு நோக்கினால் 21 சென்டிமீட்டர் இறவாணமும் ஆண்டு முழுதும் நண்பகல் வெயிலைத் தடுத்துவிடும். சாரலுக்காக இன்னும் சிறிது நீட்டுவது நன்று. கிழக்கும் மேற்கும் நோக்கினால் இறவாணம் மட்டும் போதாது. மரப்பட்டைகளைச் சாய்த்து அடுக்கி மறைப்பது வேண்டும்.

இதற்குச் செலவு மிகுதி. ஓடு பிரித்து மரச்சட்டம் எழுப்ப வேண்டும். இயலாதோர் இரண்டாம் வகையை நாடுவர். அவர்கள் ஐந்து செய்திகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்று, அளவு. மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், வசிக்கும் அறையின் சாளரப் பரப்பு தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்தும், காற்று தடையின்றிப் புகும் திறப்பு நூற்றுக்கு ஐந்தும் குறையாது இருக்க வேண்டும் என்கின்றன. 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர்ச் சாளரமும், 0.6 சதுர மீட்டர்த் திறப்பும் ஆகும். கொசுவலை அடித்தால் காற்றுக் குறையும். அதற்கும் சேர்த்துக் கணக்கிடுக. இவ்வளவுக்கு மேல் கண்ணாடியைப் பெருக்குவது வெப்பத்தைப் பெருக்குவதே ஆகும்.

இரண்டு, கண்ணாடி. எவ்வளவு ஞாயிற்று வெப்பத்தை உள்ளே விடும் என்பதற்குச் சுழியம் முதல் ஒன்று வரை ஓர் எண் உண்டு. சாதாரணக் கண்ணாடிக்கு அது 0.8ஐ ஒட்டியது, 0.3க்குக் குறைந்ததைக் கேட்க வேண்டும். தலைக்கு மேல் இருப்பதாகலின், உடைந்தாலும் சிதறி விழாதவாறு இடையே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியே உட்பக்கம் இருத்தல் வேண்டும்.

மூன்று, மறைப்பு. அறைக்குள் திரை தொங்கவிட்டால், வெப்பம் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகே அதனைத் தடுக்கிறது. வந்த வெப்பம் வந்ததே. கண்ணாடிக்கு வெளியே மறைப்பு வைப்பதே பயன் தரும்.

நான்கு, திறக்கும் முறை. நடு அச்சில் சுழலும் சாளரத்தின் வெளிப்புறத்தை உள்ளிருந்தே துடைக்கலாம். ஆனால் திறந்திருக்கும்போது அதன் மேற்பகுதி அறைக்குள் சாயும். திடீர் மழையில் நனைவு உண்டு. மேல்விளிம்பில் கீல் வைத்து வெளியே திறப்பது ஓரளவு குடைபோல் நிற்கும். எதுவாயினும், சாளரத்தை மூடிய பின்னும் காற்றுப் போக மேலே சிறு வாய் உள்ளதைத் தேர்க. காம்பாரில் வெக்கையும் இடிமழையும் ஒரே பிற்பகலில் வருவன. மழைக்கு மூடிய சாளரம் காற்றையும் முற்றும் அடைத்துவிட்டால் பயனில்லை.

ஐந்து, பொருத்தும் முறை. கூரைச் சாளரம் ஒழுகுவது பெரும்பாலும் கண்ணாடியால் அன்று. அதனைச் சுற்றி ஓட்டுக்குள் செருகும் உலோகத் தகட்டின் மடிப்புப் பிழையால். ஓட்டின் வகைக்கு ஏற்ற தகடு வாங்க வேண்டும். சரிவு 15 பாகைக்குக் குறைந்த கூரையில் இவ்வகைச் சாளரங்கள் பொதுவாகப் பொருந்தா. தாழ்ந்த சரிவுள்ள தகரக் கூரையுடையோர் இதனைக் கருதுக.

இவையன்றி, ஓட்டுக்குக் கீழே வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் பரப்பாமல் எந்தச் சாளரமும் மச்சறையைக் காப்பாற்றாது. கூரையைத் திறப்பதற்கு முன் மாவட்ட மன்றத்தில் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறுதலும், உத்தரங்கள் ஆள்சுமை தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டலும் கடமை.

ஒரு கோலும் ஒரு பிற்பகலும்

இக்கணக்குகளைப் பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம். ஏப்பிரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், ஒன்றேகால் மணி அளவில், பள்ளித் திடலில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டுப் பார்க்கட்டும். நிழல் அடியோடு அடங்கிவிடும். சூனில் நிழல் தெற்கே விழும். திசம்பரில் வடக்கே விழும். நிழலின் நீளத்தை அளந்து ஞாயிற்றின் உயரத்தைக் கணக்கிட்டால், வீட்டின் இறவாணத்துக்கு வேண்டிய அளவு அவர்கள் கையிலேயே கிடைக்கும். கணக்குப் பாடத்திற்கும் நிலவியலுக்கும் இதனினும் எளிய கருவி வேண்டா.

பெற்றோர் செய்ய வேண்டுவது அதனினும் எளிது. விலை பேசுமுன், வெயில் மிகுந்த ஒரு நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறி, கால்மணி நேரம் அமர்ந்து பார்க்க வேண்டும். அங்கே மேலெழுந்து தேங்கும் வெப்பம் எங்கே போக விரும்புகிறது என்பது அப்போது தெரியும். அதற்கு முதலில் வழி விட்டு, பிறகு ஒளியை அளவோடு அழைத்தால், அவ்வறையில் பிள்ளை நிலைத்து அமர்ந்து படிக்கும்.