தூக்கத்தில் பேசும் பிள்ளை: பாடசாலைக் கடிதத்துக்குக் காத்திருக்கும் வீடுகளுக்குச் சில வார்த்தைகள்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, பெறுபேறும் வந்து, பெரிய பாடசாலைக்கு விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. இனி அனுமதிக் கடிதம் வர வேண்டும். இந்தக் காத்திருப்புக் காலத்தில் எம்மிடம் வரும் தாய்மார் சிலர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். "புள்ள ராவுல பொலம்புதுங்க சேர். கணக்கு சொல்லுது, டீச்சர்னு கூப்புடுது. காலையில கேட்டா ஒண்ணுமே தெரியாதுங்குது. காத்து கருப்பு ஏதும் பட்டிருக்குமோ?"

பெற்றோர்களே, பயப்பட வேண்டாம். இது என்ன, ஏன் வருகிறது, வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

இது நோயா?

பெரும்பாலும் இல்லை. தூக்கத்தில் பேசுவது பெரியவர்களை விடச் சிறு பிள்ளைகளிடம் அதிகம். ஆழ்ந்த தூக்கத்திலும் வரும், கனவு காணும் தூக்கத்திலும் வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ சின்ன வயதில் இந்தப் பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரலாம். வளர வளர அநேகமாகக் குறைந்துவிடும்.

பேசியது காலையில் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. அது பொய் சொல்லவில்லை. "தூக்கத்துல சொன்னது சத்தியம்" என்று நினைப்பதும் சரியல்ல. பகலில் கேட்டது, பயந்தது, கனவில் கண்டது எல்லாம் கலந்து, சில நேரம் அர்த்தமே இல்லாமல் வரும் பேச்சு அது. அதை வைத்து மறுநாள் பிள்ளையை விசாரிக்கக் கூடாது.

ஏன் இப்போது அதிகமாகிறது?

மனப்பாரம், தூக்கக் குறைவு, காய்ச்சல், நேரம் தவறிய படுக்கை இவையெல்லாம் தூக்கத்தில் பேசுவதைக் கூட்டும். இந்தக் காலத்தில் பிள்ளையின் மனதில் உள்ள பாரத்தை நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புலமைப்பரிசிலில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் உள்ளன. ஒன்று உதவிப் பணத்துக்கு மாவட்ட ரீதியில் வருவது. மற்றது ஒவ்வொரு பெரிய பாடசாலைக்கும் தனித்தனியாக வருவது. முதலாவதைத் தாண்டிய பிள்ளைக்கும் கேட்ட பாடசாலை கிடைக்காமல் போகலாம். ஊரெல்லாம் "பாஸ் பண்ணிருச்சு" என்று கொண்டாடிய பிறகு இந்தச் சந்தேகம் பிள்ளையை வாட்டும். அதோடு எமது தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் தரம் 5 வரைதான் வகுப்பு உண்டு. எங்கே போனாலும் பழகிய டீச்சரையும் கூட்டாளிகளையும் விட்டுத்தான் போக வேண்டும்.

லயக் காம்பராவில் பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து நாம் பேசுவதெல்லாம் அதன் காதில் விழுகிறது. "போர்டிங் காசுக்கு எங்க போறது?" "கெடைக்கலன்னா மானம் போயிருமே." பகலில் இஸ்தோப்பில் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "கடுதாசி வந்துருச்சா?" என்று கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய சுமை.

இரவில் செய்ய வேண்டியது

1. உலுக்கி எழுப்ப வேண்டாம். பேச்சு கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். போர்வையைச் சரி செய்து விட்டால் போதும்.

2. வேடிக்கைக்குக் கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டாம். அண்ணன் தம்பிகள் சிரிக்கவும் விட வேண்டாம்.

3. எழுந்து நடந்தால் மெதுவாகக் கையைப் பிடித்துப் படுக்கைக்குக் கொண்டு வாருங்கள். படுக்கும் முன் அடுப்பை அணைத்து, சுடுதண்ணீர், கத்தி, கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வைத்து, கதவைத் தாழ்ப்பாள் போடுங்கள்.

பகலில் செய்ய வேண்டியது

இரவுப் பேச்சுக்கு மருந்து பகலில்தான் இருக்கிறது.

கடிதத்தைப் பற்றிப் பேச ஒரு நேரம் வையுங்கள். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது பத்து நிமிடம் பேசலாம். படுக்கையில் வேண்டாம். பிள்ளையைக் குறுக்கே மறிக்காமல் அதன் பயத்தைச் சொல்ல விடுங்கள். அதிபரிடம் விசாரிக்க வீட்டில் ஒருவர் போனால் போதும், அதுவும் வாரத்தில் ஒரு நாள்.

அடுத்த வழியை இப்போதே சொல்லி வையுங்கள். இது மிக முக்கியம். "அந்தப் பாடசாலை கெடைச்சா போவோம். கெடைக்கலன்னா பக்கத்து டவுன் பாடசாலையில ஆறாம் வகுப்பு படி. ஓ.எல். நல்லா செஞ்சா ஏ.எல்.லுக்கு வேற பாடசாலைக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாம்." இந்த மூன்று வசனங்களைத் தகப்பன் வாயால் கேட்ட பிள்ளைக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 மணி முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பிரட்டுக்குப் போக வீடே காலை 5 மணிக்கு எழும்பினால், பிள்ளை இரவு 8 மணிக்குப் படுக்க வேண்டும். டி.வி., போன் அதற்கு முன்னமே நிற்க வேண்டும். மாலைக்குப் பிறகு பிள்ளைக்குச் சாயத் தண்ணி வேண்டாம். தேயிலையில் உள்ள கஃபீன் பல மணி நேரம் தூக்கத்தைக் கெடுக்கும்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டு வந்து இரவில் சண்டை பிடிக்கும் வீட்டில் பிள்ளை நிம்மதியாகத் தூங்காது. பெரியவர்கள் தூக்கத்தில் உளறுவதற்கும் கவலையும் குடியும் காரணமாகலாம்.

அயலவர்களுக்கு

லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்துக் காம்பராப் பிள்ளை பேசியது உங்கள் காதில் விழுந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது அது கதையாகக் கூடாது. அந்தக் கதை பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தால், முக்கியமாகப் பெண் பிள்ளை என்றால், பட்டப்பெயராகவே நின்றுவிடும். அதன் பிறகு தூங்கவே பயப்படும் பிள்ளைகளும் உண்டு.

கோவிலில் திருநீறு போடுவதையோ கயிறு கட்டுவதையோ நாம் குறை சொல்லவில்லை. ஆனால் "ஒனக்கு பேய் புடிச்சிருக்கு" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். அது பயத்துக்கு மேல் பயம்.

எப்போது டொக்டரிடம் காட்ட வேண்டும்?

- கை கால் வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்தல், வாயில் நுரை தள்ளுதல் இருந்தால். இது வலிப்பாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.
- அடிக்கடி அலறி எழுந்தால், அல்லது நடந்து போய் அடிபட்டால்.
- குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று நின்று வந்தால்.
- பகலில் சாப்பாடு, விளையாட்டு, பேச்சு எல்லாம் குறைந்து பிள்ளை ஒதுங்கி இருந்தால்.
- "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாலும்.

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மனக் கஷ்டம் பற்றிப் பேச, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் போன் எடுக்கலாம். வலிப்பு நிற்காவிட்டால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

விண்ணப்பப் பிரதியும் பெறுபேற்றுத் தாளும் பத்திரமாக இருக்கட்டும். மேன்முறையீட்டுக்கு இடமிருந்தால் அவை தேவைப்படும். எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம், எம்மிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். கடிதத்தைப் பற்றிய கவலையைப் பெரியவர்கள் நாம் சுமப்போம். பிள்ளை தூங்கட்டும்.