காற்றின்றி ஆடும் தொழுகண்ணி

காற்று சிறிதும் வீசவில்லை, எவரும் தொடவுமில்லை. ஆயினும் ஒரு செடியின் சிற்றிலைகள் தாமாகவே மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கின்றன. இப்படி ஒரு செடி உண்டு என்றால் நம்புவீர்களா, மாணவர்களே? அதுதான் தொழுகண்ணி. ஆசியாவின் வெப்பமண்டலப் பகுதிகளில் வளரும் இப்புதர்ச்செடி, நம் அவரையும் துவரையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. கோடேரியோகாலிக்ஸ் மோட்டோரியஸ் என்பது இதன் அறிவியற் பெயர்.

இதன் ஒவ்வோர் இலையிலும் பெரிய நுனிச் சிற்றிலை ஒன்றும், அதனடியில் இரு பக்கங்களிலும் மிகச் சிறிய சிற்றிலைகளும் உண்டு. பெரிய சிற்றிலை பகலில் விரிந்து நின்று, இரவில் தொங்கிவிடும். சிறியவையோ பகலெல்லாம் நீள்வட்டப் பாதையில் சுற்றி வருகின்றன. வெதுவெதுப்பான சூழலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 3 முதல் 5 நிமிடங்கள் ஆகும். கம்பத்தில் பொருத்திய கைகளை அசைத்துச் செய்தியனுப்பிய பழைய முறையை இது நினைவூட்டியதால், தந்திச் செடி என்றும் பெயர் பெற்றது.

தசையே இல்லாத செடி எவ்வாறு அசைகிறது? சிற்றிலைக் காம்பில் சிறு புடைப்பு ஒன்று இருக்கிறது. அதன் செல்களுக்குள் பொட்டாசியம், குளோரைடு அயனிகள் புகும்போது, சவ்வூடு பரவலால் நீரும் பின்தொடர்கிறது, செல்கள் பருக்கின்றன. அயனிகள் வெளியேறினால் நீரும் வெளியேறுகிறது, செல்கள் தளர்கின்றன. ஒரு புறம் பருத்து மறுபுறம் தளர்ந்தால் காம்பு வளையும், அல்லவா? இது மாறி மாறி நிகழ்வதால் இலை சுற்றுகிறது. சுருங்கக் கூறின், இது நீரழுத்தத்தால் இயங்கும் நுண்ணிய எந்திரம்.

சார்லஸ் டார்வின் 1880இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில் இச்செடியை ஆராய்ந்திருக்கிறார். பின்னர் இதனிடம் ஈடுபாடு கொண்டவர் இயற்பியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ். மின்காந்த அலைகளை ஆராய்ந்த அவர், சிற்றிலையை மெல்லிய நூலால் நெம்புகோலுடன் இணைத்து, புகை படிந்த கண்ணாடித் தகட்டில் அதன் துடிப்பையே வரையச் செய்தார். ஈதர் ஆவி பட்டதும் துடிப்பு நின்றது. தூய காற்று பட்டதும் மீண்டது. வெட்டியெடுத்த இலையில் துடிப்பு நின்றபோது, காம்பின் வழியே நீரை அழுத்தத்துடன் செலுத்தினார். துடிப்பு மீண்டும் தொடங்கியது!

இச்செடி இசைக்கு ஏற்ப ஆடுகிறது என்று சொல்வோரும் உண்டு. பாட்டு ஒலிக்கும்போது இலை அசைவதைக் கண்டால் அவ்வாறே தோன்றும். ஆனால் பாட்டை நிறுத்திய பிறகும் அது அசைகிறதே! எனவே ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு கட்டலாகாது. அதே செடி, அதே வெப்பநிலை, அதே வெளிச்சம். இசையுடன் பத்துச் சுற்றுகள், இசையின்றிப் பத்துச் சுற்றுகள். இரண்டின் சராசரி நேரத்தையும் ஒப்பிட வேண்டும்.

உங்கள் ஊர்த் தாவரப் பூங்காவிலோ மூலிகைத் தோட்டத்திலோ தொழுகண்ணி கிடைத்தால் கடிகாரமும் வெப்பமானியும் எடுத்துச் செல்லுங்கள். காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை சுற்றுநேரத்தை அளந்து வரைபடம் வரையுங்கள். வெப்பம் கூடும்போது சுற்று விரைவதைக் காண்பீர்கள். இசையைப் பற்றிய கேள்விக்கும் உங்கள் குறிப்பேடே விடை கூறட்டும்.