குந்தி இருந்து சிரிக்கும் படம்: ஆபிரிக்காவில் உடைந்த கால்களை நிமிர்த்தும் ஒரு முயற்சி

ஒரு மனிதர் நிலத்தில் குந்தி இருக்கிறார். இரண்டு பாதங்களும் நிலத்தில் பதிந்திருக்கின்றன. முழங்கால்கள் இரண்டும் நன்றாக மடிந்திருக்கின்றன. கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். சில மாதங்களுக்கு முன்னர் அவரது தொடை என்பு இரண்டாக முறிந்திருந்தது என்று யாராவது சொன்னால்தான் எமக்குத் தெரியும்.

தன்சானியா, எதியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் வைத்தியசாலைகளிலிருந்து இத்தகைய படங்கள் ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரிச்லண்ட் என்ற ஊருக்கு இணையவழியாகப் போய்ச் சேருகின்றன. அங்குதான் ‘சைன்’ என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் இயங்குகிறது. முறிந்த என்பைப் பொருத்தும் உருக்கு ஆணிகளைத் தயாரித்து, வறிய நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு இலவசமாக வழங்குவது அதன் பணி.

உடலுக்குள் உலோகத்தைச் சுமந்து வாழும் பலர் எம் மத்தியில் இருக்கிறார்கள். எறிகணை வீச்சில் கால் முறிந்து, வெளியே கம்பிச் சட்டம் பூட்டப்பட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே இந்த நிறுவனம் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்பதை எமது வாசகர்கள் மற்றவர்களைவிட இலகுவாகப் புரிந்துகொள்வார்கள்.

வீதியில் தொடங்கும் துயரம்

இன்று ஆபிரிக்காவில் கை, கால் முறிவுகளுக்குப் போர் மட்டும் காரணமில்லை. பெருமளவிலான முறிவுகள் வீதியில்தான் நிகழ்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். உலகில் உள்ள வாகனங்களில் ஏறத்தாழ 3 வீதம் மட்டுமே ஆபிரிக்கப் பிராந்தியத்தில் ஓடுகின்றன. ஆனால் வீதி மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்குதான் நிகழ்கின்றது.

உயிர் தப்புபவர்களின் தொகை இறப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கிழக்கு ஆபிரிக்காவில் ‘போடா போடா’ என்று அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குத் தொழில். அதே மோட்டார் சைக்கிள்களே விபத்து விடுதிகளை நிரப்புகின்றன. காயமடைபவர்களில் பெரும்பாலானோர் உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள். ஒருவரின் தொடை என்பு முறிந்தால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோகிறது. துணைக்கு இருப்பதற்காக மனைவியோ தாயோ தன் வேலையை விடுகிறார். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு வைத்திருந்த பணம் மருந்துக்குப் போகிறது.

நிறை கட்டிக் கிடத்தல்

தொடை என்பு உடலிலேயே மிகப் பெரிய என்பு. அதைச் சுற்றியுள்ள தசைகள் பலம் மிக்கவை. என்பு முறிந்தவுடன் அந்தத் தசைகள் சுருங்கி, முறிந்த இரு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடும். அப்படியே விட்டால் கால் கட்டையாகிவிடும்.

இதற்கான பழைய முறை ‘இழுவை’. முழங்காலுக்குக் கீழே என்பின் ஊடாக ஓர் ஊசியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டில் ஓரத்தில் நிறையைத் தொங்கவிடுவார்கள். என்பு பொருந்தும் வரை நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இது குறைந்தது ஆறு வாரங்கள். பலருக்கு அதற்கும் மேல். படுக்கைப் புண் வரும், முழங்கால் இறுகும். இவ்வளவுக்குப் பிறகும் என்பு கோணலாகப் பொருந்தலாம், அல்லது பொருந்தாமலே போகலாம். மலாவி போன்ற நாடுகளில் பெரும்பாலான தொடை முறிவுகளுக்கு நீண்டகாலமாக இதுவே சிகிச்சையாக இருந்து வந்திருக்கிறது.

வசதியுள்ள நாடுகளில் இந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. என்பின் நடுவே மச்சை இருக்கும் குழாய் போன்ற பகுதிக்குள் நீண்ட உருக்கு ஆணி ஒன்றைச் செலுத்திவிடுகிறார்கள். எமது ஊர்களில் ‘உள்ளுக்குக் கம்பி வைத்தது’ என்று சொல்வது இதைத்தான். ஜேர்மனிய வைத்தியர் கேர்ஹார்ட் குன்ட்ஷர் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இந்த முறையை உருவாக்கினார். ஜேர்மனியின் பிடியிலிருந்து திரும்பிய போர்க் கைதிகளின் தொடைகளில் அந்த ஆணிகளைக் கண்ட பின்னரே நேச நாடுகளின் வைத்தியர்கள் பலர் அதைப்பற்றி அறிந்தார்கள். இந்த முறையில் நோயாளி சில நாட்களிலேயே ஊன்றுகோலுடன் எழுந்து நிற்கலாம்.

ஒரு போர் வைத்தியரின் கேள்வி

லூயிஸ் சேர்க்கிள் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணியாற்றியவர். போருக்குப் பிறகும் ஆசிய நாடுகளுக்குத் தன்னார்வமாகச் சென்று வைத்தியர்களுக்குக் கற்பித்து வந்தார். இந்தோனேசியாவில், பொருத்துவதற்கு ஆணி இல்லாத ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் இழுவையில் கிடந்த ஒருவரை அவர் கண்டார்.

கற்பிப்பதால் மட்டும் என்ன பயன் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அந்த நாட்டு வைத்தியர்களுக்கு அறிவும் இருந்தது, கைத்திறனும் இருந்தது. கையில் கருவிதான் இருக்கவில்லை. 1999 இல் அவர் சைன் நிறுவனத்தைத் தொடங்கியது இதற்கு விடையாகத்தான். இன்று 50 இற்கும் மேற்பட்ட நாடுகளில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நிறுவனத்தின் ஆணிகளால் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

கதிர்ப்படம் இல்லாமல் துளையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆணியை என்புக்குள் செலுத்தினால் மட்டும் போதாது. முறிந்த துண்டுகள் சுழலாமலும் சறுக்காமலும் இருக்க, ஆணியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் உள்ள துளைகளின் ஊடாகக் குறுக்கே திருகாணிகளைப் பூட்ட வேண்டும். ஆனால் அந்தத் துளைகள் தசைக்கும் என்புக்கும் உள்ளே மறைந்திருக்கின்றன. வெளியிலிருந்து அவற்றை எப்படிக் காண்பது?

வசதியுள்ள வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை நடக்கும்போதே தொடர்ச்சியாகக் கதிர்ப்படம் காட்டும் இயந்திரம் இருக்கிறது. அதன் விலை பல்லாயிரம் டொலர். அதற்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும். பழுதானால் திருத்தத் தெரிந்த ஆள் வேண்டும், உதிரிப்பாகமும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் நன்கொடையாகக் கிடைத்த இயந்திரம்கூட ஒருநாள் நின்றுவிடும்.

சைன் நிறுவனம் இந்த இயந்திரம் இல்லாமலே வேலை செய்யும் ஆணியை வடிவமைத்தது. ஆணியின் மேல் முனையுடன் நீண்ட உலோகக் கை ஒன்று இணைக்கப்படுகிறது. அது காலுக்கு வெளியே ஆணிக்குச் சமாந்தரமாக நிற்கும். உள்ளே ஆணியில் துளை இருக்கும் அதே உயரத்தில் வெளியே இந்தக் கையிலும் துளை இருக்கும். அதன் வழியாகத் துளைத்தால் உள்ளே உள்ள துளைக்கு நேராகப் போகலாம். பிறகு ஒரு மெல்லிய கருவியை உள்ளே விட்டு, அது ஆணியின் துளைக்குள் இறங்குகிறதா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தன் கையால் உணர்ந்து உறுதிப்படுத்துகிறார். கதிர்ப்படம் செய்யும் வேலையை இங்கே விரல்களின் உணர்வு செய்கிறது.

கணக்குக் காட்டினால் அடுத்த ஆணி

இந்தத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் வழங்கும் முறை. ஒரு வைத்தியசாலைக்கு முதலில் கருவிகளும் ஒரு தொகுதி ஆணிகளும் பயிற்சியும் வழங்கப்படுகின்றன. அதன் பின்னர், செய்த ஒவ்வொரு சத்திரசிகிச்சையின் விபரத்தையும் கதிர்ப்படங்களுடன் இணையத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் வைத்தியர் பதிய வேண்டும். பதிவுக்கு ஏற்பவே பாவித்த ஆணிகளுக்குப் பதிலாகப் புதியவை அனுப்பப்படும்.

இதனால் இரண்டு நன்மைகள். வழங்கிய பொருள் எங்கே போனது என்பது தெரிகிறது. தொலைதூர ஊர் ஒன்றில் தனியாக வேலை செய்யும் வைத்தியருக்கு, அவர் பதிந்த படத்தைப் பார்த்து அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். உதவி செய்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்திருக்கிறார்கள்.

ஆனால் வீடு திரும்பிய நோயாளி மீண்டும் கதிர்ப்படம் எடுக்க வருவது கடினம். பேருந்துக்கும் பணம் வேண்டும், படத்துக்கும் பணம் வேண்டும். அந்த இடத்தில்தான் குந்தி இருக்கும் படம் உதவுகிறது. என்பு பொருந்தாவிட்டால், அல்லது முழங்கால் இறுகியிருந்தால், ஒருவரால் முழுமையாகக் குந்தி இருக்க முடியாது. வலி இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தன்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் உள்ள முகிம்பிலி என்பியல் நிறுவகத்தில் தொடை முறிவு நோயாளிகளிடம் இந்தச் சோதனை ஆராயப்பட்டிருக்கிறது. வயலில் வேலை செய்யவும், அடுப்படியில் இருக்கவும், மலசலகூடம் போகவும் குந்தி இருக்க வேண்டிய மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறு என்ன?

கேள்விக்கு ஆபிரிக்காவிலேயே விடை

என்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவுகளில் கிருமித்தொற்று பெரும் ஆபத்து. அத்தகைய கீழ்க்கால் முறிவுகளுக்கு உள்ளே ஆணி வைப்பதா, வெளியே கம்பிச் சட்டம் பூட்டுவதா என்பது நீண்டகாலக் கேள்வி. முகிம்பிலி வைத்தியர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக வைத்தியர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2020 இல் வெளியானது. ஓராண்டின் முடிவில் கிருமித்தொற்று, மறு சத்திரசிகிச்சை போன்ற பெரிய சிக்கல்களில் இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஆணி வைக்கப்பட்டவர்களில் என்பு கோணலாவது குறைவாக இருந்தது. முதல் வாரங்களில் அவர்களின் வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தது.

தமது நோயாளிகள், தமது விடுதிகள், தமது வசதிகள் என்பவற்றை வைத்தே கேள்வி கேட்டு விடை காணும் நிலைக்கு அந்த வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள். கருவி கொடுத்ததைவிட இது பெரிய மாற்றம்.

ஆணி மட்டும் போதாது

இலவச ஆணி இருந்தாலும் மயக்க மருந்து கொடுப்பவர், கிருமி நீக்கிய கருவிகள், இரத்தம், மின்சாரம் எல்லாம் வேண்டும். முதலில் அந்த வைத்தியசாலைக்கு நோயாளி வந்து சேர வேண்டும். உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, செலவைத் தாங்கக்கூடிய சத்திரசிகிச்சை உரிய நேரத்தில் கிடைப்பதில்லை என்று 2015 இல் லான்செற் ஆணைக்குழு கணக்கிட்டது.

நைஜீரியா போன்ற நாடுகளில் முறிவு ஏற்பட்டவர்களில் பலர் முதலில் செல்வது பாரம்பரிய முறிவு வைத்தியரிடம். எமது முறிவு நெரிவு வைத்தியர்களைப்போல் அவர்களும் மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர்கள். ஆனால் கட்டு அளவுக்கு மீறி இறுகியதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு காலையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அவர்களை விலக்காமல் அவர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள வைத்தியர்கள் வாதிடுகிறார்கள்.

ஆளணிப் பற்றாக்குறையும் உண்டு. மலாவி 1980களிலிருந்தே என்பு முறிவுகளைக் கவனிப்பதற்கென்று வைத்தியர் அல்லாத உத்தியோகத்தர்களைப் பயிற்றுவித்து மாவட்ட வைத்தியசாலைகளுக்கு அனுப்பி வருகிறது. 1999 இல் உருவான கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க சத்திரசிகிச்சை நிபுணர்கள் கல்லூரி, வைத்தியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் தமது பிராந்தியத்து வைத்தியசாலைகளிலேயே நிபுணர்களாக்குகிறது. பயின்ற கைகள் இல்லாவிட்டால் ஆணி பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

நாம் எதைப் பார்க்க வேண்டும்?

‘உதவி’ என்ற சொல்லுடன் எமக்கு நீண்ட பழக்கம் உண்டு. வந்த வாகனங்களையும் போன வாகனங்களையும் பார்த்திருக்கிறோம். உதவி செய்ய வந்தவர்கள் போன பிறகு என்ன மிஞ்சியது என்பதே எப்போதும் எமது கேள்வி.

டார் எஸ் சலாமில் மிஞ்சியிருப்பது என்ன என்று பார்க்கலாம். மின்சாரம் நின்றாலும் கதிர்ப்பட இயந்திரம் பழுதானாலும் பயன்படும் ஒரு கருவி. அதைக் கையாளத் தெரிந்த உள்ளூர் வைத்தியர்கள். அவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் பழக்கம். மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்திருக்க வேண்டிய ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், நிலத்தில் குந்தி இருந்து சிரித்துவிட்டு, எழுந்து வேலைக்குப் போகிறார்.