‘பர்மனென்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: நிலவரி முதல் தொழிலாளர் தகுதி வரை

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘பர்மனென்ட்’ ஒன்றாகும். ‘அவர் பர்மனென்ட்’, ‘பர்மனென்ட் ஆகிவிட்டார்’ என்னும் தொடர்களில் ‘வேலை’, ‘பணியிடம்’ ஆகிய பெயர்கள் தோன்றுவதில்லை; அடை ஆளையே சுட்டுகிறது. இவ்வடை எதனுடைய நிலைபேற்றைக் குறித்து வந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

‘பெர்’ (முழுதும்), ‘மனேரே’ (தங்குதல்) என்னும் இலத்தீன் கூறுகளிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. இறுதிவரை தங்குதல் என்பதே இதன் வேர்ப்பொருள். தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் இரு சொற்களும் வெவ்வேறு கருத்துகளிலிருந்து பிறந்தவை. ‘நிலையான’ என்பது ‘நில்’ என்னும் வினையடியைச் சார்ந்தது. ‘நிரந்தரம்’ என்னும் வடசொல் ‘நிர் + அந்தரம்’ எனப் பிரிந்து, இடைவெளி இன்மையைக் குறிக்கும்.

நிலத்தில் இச்சொல்

காரன்வாலிஸ் 1793இல் வங்காளத்தில் கொணர்ந்த நிரந்தர நிலவரித் திட்டம், 1802இல் சென்னை மாகாணத்திலும் சட்டமாயிற்று. இன்றைய தொழில் வழித்தடம் அமைந்துள்ள பழைய செங்கல்பட்டுப் பகுதியும் அத்திட்டத்திற்கு உட்பட்டது. அங்கு நிரந்தரமாக்கப்பட்டது அரசுக்குச் செலுத்த வேண்டிய வரித்தொகையே. உழுபவரின் இருப்பு அன்று. வரி செலுத்தத் தவறிய மிட்டாதாரரின் நிலமும் விற்பனைக்கு வந்தது. இவ்வாறு ‘நிரந்தரம்’ எனப்பட்ட ஜமீன் முறை, 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

தொழிற்சாலையில் இச்சொல்

1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தை ஒட்டிய மாதிரி விதிகள் தொழிலாளரை நிரந்தரம், தகுதிகாண் பருவம், பதிலி, தற்காலிகம், கேஷுவல், பயிற்சியாளர் என வகுத்தன. இங்கு அடை ஆளைச் சேர்ந்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமோ வேலையின் தன்மையை நோக்கியது: ஒப்பந்தமுறையைத் தடை செய்வதற்குமுன், அவ்வேலை ஆண்டு முழுவதும் தொடர்வதா என்பதையும் அரசு கருதவேண்டும் என்றது. 

தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரத் தகுதியைக் காலத்தால் அளந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவர் அத்தகுதிக்கு உரியவர். விபத்து, அனுமதி பெற்ற விடுப்பு போன்றவற்றால் நேரும் இடைவெளி அத்தொடர்ச்சியை முறிப்பதில்லை. எனவே வழக்குகளில் எழும் முதன்மையான வினா, பணியில் ‘அந்தரம்’ நேர்ந்ததா என்பதே. ‘நிலையான’ என்பதைவிட ‘நிரந்தரம்’ இச்சட்டக் கருத்துக்கு நெருக்கமாக அமைவது இதனாற்றான்.

‘பணி நிரந்தரம்’ என்னும் கோரிக்கைத் தொடரும் நுணுகி நோக்கத்தக்கது. வாகன ஆலையின் பொருத்துதளத்தில் பணி ஏற்கெனவே நிரந்தரமானது. அதைச் செய்பவரே மாறிக்கொண்டிருக்கிறார். ஆகவே இத்தொடர் இலக்கணத்தால் பணியைச் சுட்டினும், பொருளால் ஆளையே வேண்டுகிறது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆளுக்கு வழங்கப்பெறும் தகுதி ஆலையின் ஆயுளைக் கடந்து நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

முடிவுரை

வரி, வேலை, ஆள் என ஒரே அடை மூன்று பெயர்களைத் தழுவியுள்ளது; பெயர்தோறும் பயன்பெறுவோரும் வேறுபட்டுள்ளனர். எனவே சட்டத்தமிழாக்கத்தில் இவ்வடையைத் தனித்து நிறுத்தாமல், அது தழுவும் பெயரையும் உடன்தருதல் வேண்டும். ‘நிரந்தரப் பணி’ என்பதும் ‘நிரந்தரத் தொழிலாளர்’ என்பதும் ஒன்றல்ல.